ஆடும் பல், தாடைக்குள் இரத்தக்குழாய்: பிடுங்க முன் இத்தனை ஸ்கான் தேவையா?

2025 பெப்ரவரி 2, மாலை (கேள்வி: கொட்டாஞ்சேனை வாசகி)

மகனுக்கு 13 வயது. இடப்பக்கக் கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்று ஆடுகிறது. பல் தீட்டும்போது முரசால் இரத்தம் வருகிறது. சில நாள் காலையில் தலையணையிலும் இரத்தம். பல் வைத்தியர் ஓ.பி.ஜி (முழுத் தாடையும் தெரியும் எக்ஸ்ரே) எடுத்துப் பார்த்துவிட்டு, "எலும்புக்குள் கறுப்பாக ஏதோ தெரிகிறது, நான் இந்தப் பல்லைத் தொடமாட்டேன், வார்ட் பிளேஸ் பல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்" என்று துண்டு எழுதித் தந்தார். டொப்ளர் (இரத்த ஓட்டம் பார்க்கும் ஸ்கான்), சி.டி, தேவைப்பட்டால் அஞ்சியோகிராமும் (இரத்தக்குழாய்ப் படம்) எடுக்கவேண்டி வரும் என்றும் சொன்னார். வீட்டில் மாமி, "ஆடுகிற பல்லைப் பிடுங்கினால் முடிந்தது" என்கிறா. ஒரு பல்லுக்கு இவ்வளவும் தேவையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெப்ரவரி 2, இரவு

பிடுங்க விடவேண்டாம் தங்கச்சி. யார் சொன்னாலும் சரி, அந்தப் பல்லில் ஒருவரும் கை வைக்கக் கூடாது. விறைப்பூசியும் போடக்கூடாது. ஊசி முனை உள்ளே போகும் இடமே பிரச்சினையான இடமாக இருக்கலாம். துண்டோடு நாளைக்கே வார்ட் பிளேஸ் போங்கள்.

இன்றிரவு இரத்தம் வந்து நிற்காவிட்டால் சுத்தமான துணியை மடித்து அந்த இடத்தில் வைத்து இறுக்கிக் கடிக்கச் சொல்லுங்கள். படுக்க விடாமல் உட்கார வையுங்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு அடியுங்கள். கொப்பளிக்க வேண்டாம், உறைகிற இரத்தம் கழுவுப்பட்டுப் போகும்.

காரணத்தை நாளை ஆறுதலாக எழுதுகிறேன்.

பெப்ரவரி 3

நான் கொழும்பில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் ரேடியோகிராபராக இருந்து ஓய்வு பெற்றவன். தொடக்கத்தில் பல் எக்ஸ்ரே, பிறகு சி.டி, கடைசி வருடங்கள் முழுக்க அஞ்சியோ அறை. வைத்தியர் அல்ல. ஆனால் இந்த நோயின் படங்களை எடுத்து எடுத்துப் பழகியவன். ஆகவே படம் பற்றி உறுதியாகப் பேசுவேன், சிகிச்சை பற்றி அறைக்குள் நின்று பார்த்ததைச் சொல்வேன்.

உடம்பில் இரத்தம் நாடியால் வந்து, மயிர்க்குழாய்களுக்குள் பரவி, வேகமும் அழுத்தமும் தணிந்து, நாளத்தால் திரும்பிப் போகும். சிலருக்குப் பிறவியிலேயே ஓரிடத்தில் அந்த மயிர்க்குழாய் வலை இருக்காது. நாடி நேரே நாளத்துக்குள் திறக்கும். இதைத்தான் ஏ.வி.எம் என்று ரிப்போர்ட்டில் எழுதுவார்கள். கைகாலில் வந்தால் கண்ணுக்குத் தெரியும். தாடை எலும்புக்குள் வந்தால் வருடக்கணக்கில் ஒன்றும் தெரியாது. நாளம் நாடியின் அழுத்தத்தைத் தாங்கமாட்டாமல் பருத்து எலும்பை உள்ளிருந்து அரிக்கும். பல்லின் வேர் அந்தக் குழிக்குள் தொங்கிக்கொண்டு நிற்கும். அதனால் பல் ஆடும், முரசால் இரத்தம் கசியும். மேல்தாடையைவிடக் கீழ்த்தாடையில் கூடுதலாக வரும். பெரும்பாலும் 10 முதல் 20 வயதுக்குள் வெளிப்படும். உங்கள் மகனின் வயதைப் பாருங்கள்.

இப்படியான இடத்தில் பல்தான் அடைப்பு. அதைப் பிடுங்கினால் சாதாரணமாக வருகிற இரத்தம் வராது. நாடி வெட்டுப்பட்ட மாதிரிப் பீறிட்டு வரும். கதிரையிலேயே உயிர் போன சம்பவங்கள் மருத்துவ நூல்களில் பதிவாகியிருக்கின்றன. மாமிக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்து சில வருடங்களில் ஒரு பெண் பிள்ளையை இரவில் கொண்டுவந்தார்கள். வெளியே ஒரு கிளினிக்கில் ஆடுகிற பல்லைப் பிடுங்கியிருக்கிறார்கள். அந்த இளம் பல் வைத்தியர் பதறாமல் ஒரு காரியம் செய்திருந்தார்: பிடுங்கிய பல்லை வந்த குழிக்குள்ளேயே திருப்பிச் செருகி, மேலே கோஸ் வைத்து, விரலை எடுக்காமல் அமத்திப் பிடித்தபடியே அம்புலன்ஸில் கூட வந்தார். வெள்ளைச் சட்டை முழங்கை வரை சிவப்பு. அந்தப் பிள்ளை பிழைத்தது. பாடப்புத்தகமும் அதைத்தான் சொல்கிறது: பல்லைத் திருப்பி வை, அமத்து, விடாதே. இந்த இழையைப் பல் மருத்துவ மாணவர்கள் யாராவது வாசித்தால் இதை மனதில் வைத்திருங்கள்.

பெப்ரவரி 4

விடுமுறை என்பதால் நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாக வருகிறேன்.

"ஓ.பி.ஜியிலேயே தெரிகிறதே, பிறகேன் மற்றதெல்லாம்?" ஓ.பி.ஜி என்பது தாடையைச் சுற்றி ஓடுகிற ஒரு படம். பின்லாந்தின் பாதெரோ என்ற பல் மருத்துவர் வளர்த்தெடுத்த முறை. எலும்பு எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று அது காட்டும். இல்லாத இடத்தில் என்ன இருக்கிறது என்று காட்டாது. இந்த நோய் அதில் தேன்கூடு மாதிரிப் பல அறைகளாகத் தெரியலாம், ஒற்றைக் கறுப்புக் குழியாகத் தெரியலாம், கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்புக் கால்வாய் வழமையைவிட அகன்று வளைந்து தெரியலாம், மோவாயில் நரம்பு வெளியேறும் துவாரம் பெருத்திருக்கலாம். சில வேளை எதுவுமே தெரியாது. அமெலோபிளாஸ்டோமா என்ற கட்டியும் அதே தேன்கூடுதான். நீர்க்கட்டியும் அதே கறுப்புத்தான். கட்டியென்று நினைத்து பயொப்ஸிக்கு (சோதிக்கத் துண்டெடுப்பது) வெட்டினால் பல் பிடுங்கிய கதைதான்.

அதனால்தான் நல்ல வாய், முக சத்திரசிகிச்சை வைத்தியர்கள் தாடைக்குள் ஒரு கறுப்பைக் கண்டால் வெட்டுவதற்கு முன் மெல்லிய ஊசி ஒன்றைச் செலுத்திப் பார்ப்பார்கள். நீர்க்கட்டியென்றால் மஞ்சள் நீர் வரும். பளிச்சென்ற சிவப்பு இரத்தம் சிறிஞ்சின் தண்டைத் தானே மேலே தள்ளிக்கொண்டு வந்தால், அன்றைக்கு அந்த மேசையில் வேறு வேலை எதுவும் நடக்காது.

விரலால் அறியக்கூடியதும் உண்டு. முரசின் மேலோ கன்னத்தின் மேலோ மெதுவாக விரலை வைத்தால் துடிப்பு, சில வேளை ஓர் அதிர்வு. ஸ்டெதஸ்கோப் வைத்தால் உஸ்... உஸ்... என்று கேட்கும். சில பிள்ளைகள் தாங்களே சொல்வார்கள், இரவில் காதுக்குள் சத்தம் கேட்கிறதென்று. தங்கச்சி, உங்கள் மகனிடம் அதை ஒருதரம் கேட்டுப் பாருங்கள்.

பெப்ரவரி 5

தங்கச்சி மகனிடம் கேட்டிருக்கிறார். படுத்தால் இடக்காதில் "மோட்டர் ஓடுகிற மாதிரி" இருக்குமாம், எல்லாருக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தானாம்.

இதை வார்ட் பிளேஸில் கட்டாயம் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள்.

பெப்ரவரி 6

மட்டக்குளியிலிருந்து ஒருவர் கேட்கிறார்: தங்கையின் கைக்குழந்தைக்குக் கன்னத்தில் சிவப்புக் கட்டி, புரப்ரனலோல் கொடுத்துக் கரைந்துவிட்டது, இந்தப் பிள்ளைக்கும் அதையே கொடுக்கலாமே?

முடியாது. அது வேறு நோய். குழந்தை பிறந்து சில வாரங்களில் தோன்றி, விரைவாக வளர்ந்து, பிறகு தானாகவும் சுருங்குகிற ஹீமான்ஜியோமா அது. கலங்கள் பெருகுகிற ஒரு கட்டி. 2008-இல் பிரான்சின் போர்தோ நகர வைத்தியர்கள் இதயத்துக்காக புரப்ரனலோல் கொடுத்த குழந்தைகளில் இந்தக் கட்டியும் சுருங்குவதைக் கண்டு எழுதினார்கள், அன்றிலிருந்து அதுதான் முதல் மருந்து. இந்தப் பிள்ளைக்கு இருப்பது குழாய்களின் அமைப்புப் பிழை. தானாகச் சுருங்காது, பிள்ளையோடு சேர்ந்து வளரும். இரண்டையும் தெளிவாகப் பிரித்தவர்கள் போஸ்டனின் மல்லிக்கனும் குளோவாக்கியும், 1982-இல். அதற்குப் பிறகும் பல ரிப்போர்ட்டுகளில் எல்லாவற்றுக்கும் ஹீமான்ஜியோமா என்றே எழுதி வருகிறது. உங்கள் கையில் அப்படி ஒரு ரிப்போர்ட் இருந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இரத்தம் வேகமாக ஓடுகிறதா, மெதுவாக ஓடுகிறதா? சிகிச்சை முழுவதும் அந்தப் பதிலில்தான் தொங்குகிறது.

அந்தப் பதிலை முதலில் தருவது டொப்ளர். கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை, செலவும் குறைவு. எலும்புக்குள் அதனால் பார்க்க முடியாது, ஆனால் எலும்புக்கு வெளியே வருகிற குழாய்களில் ஓட்டத்தைக் காட்டிவிடும். வேகமான ஓட்டம் என்றால் நாடி சம்பந்தப்பட்டிருக்கிறது. மெதுவானது என்றால் நாளமோ நிணநீர்க் குழாயோ மட்டும்.

பெப்ரவரி 6, இரவு

இறால் பற்றிக் கேட்டவருக்கு: இறால், நண்டு ஒத்துவராதவர்களுக்கு சி.டி மை ஊசி (குழாய்கள் படத்தில் தெரிவதற்காகப் போடுவது) போடக்கூடாது என்று கொழும்பு முழுக்க ஒரு கதை உலவுகிறது. மையில் இருப்பது அயடீன். இறால் ஒவ்வாமை வருவது அதன் புரதத்தால். இரண்டுக்கும் நேரடித் தொடர்பில்லை. ஆனால் முன்பு மை ஊசி போட்டுத் தடித்ததா, ஆஸ்துமா உண்டா, சிறுநீரகம் எப்படி, நீரிழிவுக்கு மெட்போர்மின் குடிக்கிறீர்களா என்பதை மறைக்காமல் சொல்லவேண்டும். சிறுநீரகம் எப்படி என்று காட்டும் கிரியேட்டினின் ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். அது இல்லாமல் போய்த் திரும்பி வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பெப்ரவரி 10

புதன் போயா, கிளினிக் இல்லை. ஆகவே வியாழன்தான் சி.டி என்று தங்கச்சி எழுதியிருக்கிறார். நல்லது.

முதலில் எம்.ஆர்.ஐ எடுப்பதா, சி.டி எடுப்பதா என்று இங்கே இரண்டு பேர் வாதாடுகிறீர்கள். நான் இதை இரண்டு நாளாக யோசித்தேன். எம்.ஆர்.ஐயில் கதிர்வீச்சு இல்லை, பிள்ளைக்கு அது பெரிய நன்மை. தசையும் கொழுப்பும் நாக்கும் எவ்வளவு தூரம் சம்பந்தப்பட்டிருக்கின்றன என்று அதுதான் அழகாகக் காட்டும். வேக ஓட்டக் குழாய்கள் அதில் கறுப்புத் துளைகளாகத் தெரியும், மெதுவான நாளப் பிறழ்வு ரி2 என்ற வகைப் படத்தில் பளிச்சென்று வெள்ளையாக நிற்கும். நான் முதலில் எம்.ஆர்.ஐ பக்கம்தான் சாய்ந்தேன். ஆனால் இந்தப் பிள்ளையின் பிரச்சினை எலும்புக்குள். எலும்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, எந்தப் பல்லின் வேர் எங்கே தொங்குகிறது, எந்த நாடி உள்ளே நுழைகிறது என்று ஒரே தடவையில் காட்டுவது மை ஊசி போட்டு எடுக்கிற சி.டி அஞ்சியோதான். பிறகு பல்லில் கம்பி போட்டிருக்கிற பிள்ளைக்கு எம்.ஆர்.ஐ எடுத்தால் வாய்ப்பகுதி முழுக்க உலோகத்தின் நிழல் விழுந்து படம் பாழாகும். (மகனுக்குக் கம்பி இல்லை என்று நம்புகிறேன்.) ஆகவே இப்போதைக்கு சி.டி. எம்.ஆர்.ஐ பின்னால் வரலாம்.

முரசு இரத்தம் வருகிறதென்று பல் தீட்டுவதை நிறுத்தவேண்டாம். பயத்தில் எல்லாரும் நிறுத்துவார்கள். அழுக்குச் சேர்ந்து முரசு வீங்கி இன்னும் கூட இரத்தம் வரும். மெல்லிய பிரஷ், மெதுவாக. குளோர்ஹெக்சிடின் வாய் கழுவும் மருந்து தரலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். நோவுக்குப் பரசிற்றமோல் மட்டும். டெங்குக் காய்ச்சலில் அஸ்பிரின், புரூஃபன் கொடுக்காத மாதிரித்தான் இங்கும்.

பெப்ரவரி 15

சி.டி வந்துவிட்டது. வேக ஓட்டம், இடப்பக்கக் கீழ்த்தாடை, எலும்புக்குள் ஒரு பெரிய நாளப் பை. அடுத்தது அஞ்சியோகிராம் என்று சொல்லியிருக்கிறார்கள், அதே அமர்விலேயே அந்தப் பையை அடைக்கப் பார்ப்பார்களாம். தங்கச்சி பயந்து எழுதியிருக்கிறார். "இதயத்துக்குத்தானே அஞ்சியோ?"

இது எனக்கு நன்றாகத் தெரிந்த அறை. ஆகவே நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொடையடியில் நாடிக்குள் ஓர் ஊசி. அதற்குள்ளால் மெல்லிய கம்பி. ஊசியை எடுத்துவிட்டு, கம்பியின் மேலாகக் குழாய். இந்த எளிய யோசனை சுவீடனின் செல்டிங்கர் என்ற கதிரியக்க வைத்தியருடையது, 1953. இதயத்துக்குப் போகிறதும் இதே வழிதான். இங்கே குழாய் இதயத்தைத் தாண்டிக் கழுத்துக்குப் போகும். முகத்துக்கு இரத்தம் கொடுக்கிற வெளிக் கழுத்து நாடிக்குள் நுழைந்து, அங்கிருந்து முக நாடி, நாக்கு நாடி, கீழ்த்தாடைக்குள் ஓடுகிற சிறு நாடி என்று ஒவ்வொன்றாகத் தேடிப் போவார்கள். வலப்பக்கமும் பார்ப்பார்கள், இடப்பக்க நோய்க்கு மறுபக்கத்திலிருந்தும் நாடி வந்து கொடுக்கும்.

மை போவதற்கு முன் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, மை போன பிறகு வருகிற ஒவ்வொரு படத்திலிருந்தும் அதைக் கழித்துவிடும் கணினி. எலும்பு மறைந்து குழாய்கள் மட்டும் திரையில் நிற்கும். டி.எஸ்.ஏ என்பது இதுதான். பிள்ளை ஒரு தரம் எச்சில் விழுங்கினாலும் கழித்தல் பிழைத்துப் படம் கலங்கும். பிள்ளைகளுக்கு மயக்க மருந்து கொடுத்துச் செய்வதற்கு அதுவும் ஒரு காரணம். சாதாரண முகத்தில் மை நாடியில் தொடங்கி நாளத்துக்குப் போகச் சில விநாடிகள் எடுக்கும். இந்த நோயில் நாடி தெரிகிற கையோடு நாளமும் நிறைந்துவிடும். படம் எடுக்கும் வேகத்தை நாங்கள் கூட்டவேண்டி வரும், இல்லாவிட்டால் எந்த நாடி எந்தப் பைக்குள் விழுகிறது என்று பிரித்தறிய முடியாது. எத்தனை தரம் பார்த்தாலும் அந்தத் திரைக்கு முன்னால் என் வாய் அடைத்துப்போகும்.

முடிந்த பிறகு தொடையை அமத்திப் பிடிப்பார்கள், பிறகு சில மணி நேரம் காலை மடிக்காமல் மல்லாந்து படுக்கவேண்டும். 13 வயதுப் பையனுக்கு நோவைவிட அதுதான் கஷ்டம். போனில் ஏதாவது பார்க்கக் கொடுங்கள்.

பெப்ரவரி 16

நேற்று எழுதியதில் ஆபத்தைச் சொல்லாமல் விட்டது சரியில்லை. சம்மதப் படிவத்தில் வாசிப்பீர்கள், அப்போது திடுக்கிடக் கூடாது.

முகத்து நாடிகளுக்கும் மூளை, கண் நாடிகளுக்கும் இடையில் நுண்ணிய இணைப்புகள் உண்டு. அடைக்கிற பொருள் அந்த வழியால் தப்பினால் பக்கவாதமோ பார்வை இழப்போ வரலாம். தோலுக்குப் போகிற கிளை அடைபட்டால் தோல் அழுகலாம், முக நரம்பும் பாதிக்கப்படலாம். அரிது, ஆனால் இருக்கிறது. அதனால்தான் அடைக்க முன் அத்தனை படம் எடுக்கிறார்கள், அத்தனை கிளைக்குள்ளும் நுழைந்து பார்க்கிறார்கள். படிவம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால் தமிழில் விளங்கப்படுத்தச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, யாரும் கோபிக்கமாட்டார்கள். கோபித்தாலும் கேளுங்கள்.

பெப்ரவரி 19

"இத்தனை பாடு எதற்கு, கழுத்தில் பெரிய நாடியைக் கட்டிவிட்டால் இரத்தம் நின்றுவிடும்தானே?" என்று நீர்கொழும்பிலிருந்து ஓர் அண்ணர் கேட்டிருக்கிறார். அவருடைய தம்பிக்குப் பல வருடங்களுக்கு முன் அப்படித்தான் செய்தார்களாம்.

இந்தக் கேள்விக்காகவே நான் இந்த இழையில் இருக்கிறேன் என்று சொல்லலாம். கட்டக் கூடாது. பம்பலப்பிட்டியில் காலி வீதியை மறித்தால் வாகனங்கள் ஊர் திரும்பிப் போய்விடுமா? டூப்ளிகேஷன் வீதியால் வரும், கடற்கரை வீதியால் வரும், பெயர் தெரியாத ஒழுங்கைகளால் எல்லாம் வரும். உள்ளே அழுத்தம் குறைந்த அந்தப் பை இருக்கும்வரை சுற்றிலும் உள்ள நாடிகளை அது தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். மறுபக்க முகத்திலிருந்து, மூளைக்குப் போகிற நாடியின் கிளைகளிலிருந்துகூட வரும். கொஞ்சக் காலத்தில் நோய் திரும்பும், முன்பைவிடச் சிக்கலான வலையாக. அதைவிடப் பெரிய நட்டம்: குழாய் செலுத்திப் போகிற பெரிய வாசலே பூட்டப்பட்டுவிடும்.

எங்கள் அறைக்கு அப்படி ஒருவர் வந்தார். இளம் தாய். வேறெங்கோ நாடியைக் கட்டி அனுப்பியிருந்தார்கள். தையல் போட்ட தழும்பைக் காட்டி "இதால் எல்லாம் சரி என்றார்கள்" என்றா. தொடையிலிருந்து போன குழாய் கழுத்தில் ஒரு மொட்டை முனையில் முட்டிக்கொண்டு நின்றது. அதற்கு மேல் நூல் நூலாக எண்ணற்ற சிறு நாடிகள், ஒன்றுக்குள்ளும் நுழைய முடியவில்லை. வைத்தியர் கையை எடுத்துவிட்டு வெகு நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். உயிர் போகிற இரத்தப் பெருக்கில் வேறு வழியே இல்லாமல் கட்டுவதை நான் குறை சொல்லமாட்டேன். ஆறுதலாகத் திட்டமிட்டுச் செய்கிற சிகிச்சையாக அதைச் செய்தவர்கள்மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

அழிக்கவேண்டியது அந்தப் பையையும், நாடி நாளத்தோடு சேருகிற முடிச்சையும்.

பெப்ரவரி 20

எதால் அடைப்பார்கள் என்று கேட்டதற்கு.

பசை: என்.பி.சி.ஏ. எக்ஸ்ரேயில் தெரிவதற்காக லிப்பியோடோல் என்ற அயடீன் எண்ணெயில் கலந்து செலுத்துவார்கள். இரத்தம் பட்டதும் சில விநாடிகளில் இறுகும். தாமதித்தால் செலுத்துகிற குழாயும் (கத்தீட்டர்) ஒட்டிக்கொள்ளும், அறையில் ஒருவரும் மூச்சுவிடமாட்டோம். ஒனிக்ஸ்: கறுப்பு நிறம், மெதுவாக எரிமலைக் குழம்பு மாதிரி நகரும், நிறுத்தி நிறுத்திச் செலுத்தலாம், விலை மிக அதிகம். பிளாட்டினம் கொயில்: பெரிய பைக்குள் சுருட்டி வைப்பது. துகள்கள்: தாடையை வெட்ட முன் தற்காலிகமாக இரத்தத்தைக் குறைக்கத்தான் உதவும், நிரந்தரமாக நிற்காது. ஆல்கஹோலும் உண்டு, அது வலுவானது, ஆபத்தும் வலுவானது.

கீழ்த்தாடையில் எலும்புக்குள் பை இருந்தால் இன்னொரு வழியும் இருக்கிறது. எக்ஸ்ரே பார்த்தபடி ஊசியை வெளியிலிருந்து நேரே அந்தப் பைக்குள் செலுத்தி, கொயிலும் பசையும் கொண்டு நிரப்புவது. உங்கள் மகனின் ரிப்போர்ட்டில் ஒரே பெரிய பை என்று இருப்பது எனக்கு நம்பிக்கை தருகிறது. பல வாய்க்கால்களாகச் சிதறி இருப்பதைவிட இது நல்லது.

பிறகு எலும்பைச் சுரண்டுவதா, தாடையின் ஒரு பகுதியை வெட்டுவதா, ஒன்றும் செய்யாமல் பார்த்திருப்பதா என்பது சத்திரசிகிச்சை வைத்தியரின் முடிவு. வெட்டுவதென்றால் அடைத்து ஒன்றிரண்டு நாட்களுக்குள் செய்வார்கள், புது வழிகள் திறக்க முன். முன்பெல்லாம் பாதித் தாடையை எடுத்துவிட்டுக் கால் எலும்பை வைத்துக் கட்டுவது வழமை. இப்போது பை நன்றாக நிரம்பினால் தாடையைத் தொடாமலே விடுகிறார்கள்.

பெப்ரவரி 21

மாமி சொல்கிற வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். நல்லெண்ணெய் தேய்த்து அமத்துவதும் வேண்டாம். மாமிக்கு என் வணக்கம்.

பெப்ரவரி 27

தகப்பன் பக்கத்தில் சென்னைக்குக் கொண்டுபோவோம் என்கிறார்களாம். போவதில் தவறில்லை. ஆனால் இங்கே செய்யக்கூடிய சிகிச்சை இது. கொழும்பில் இதைச் செய்கிற கதிரியக்க வைத்தியர்கள் இருக்கிறார்கள், அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் காசும் இல்லை. ஒனிக்ஸ் மாதிரிப் பொருட்கள் கையிருப்பில் இல்லாவிட்டால் காத்திருக்க நேரிடலாம். கிளினிக்கில் முன்கூட்டியே கேளுங்கள்.

எங்கே போனாலும் ரிப்போர்ட் தாளை மட்டும் கொண்டுபோகாதீர்கள். டைகொம் படங்கள் (கணினியில் திறக்கிற மூல ஸ்கான் படங்கள்) உள்ள சி.டி தட்டைக் கேட்டு வாங்குங்கள். வட்ஸ்அப்பில் ஃபிலிமைப் படம் பிடித்து அனுப்புவதால் ஒரு வைத்தியரும் முடிவெடுக்க முடியாது.

இரத்தம் தயாராக இருக்கவேண்டும். குறூப் பார்த்து ஒதுக்கி வைப்பார்கள். இங்கே இரத்தத்துக்குக் காசில்லை, யாரோ கொடுத்ததுதான் உங்கள் பிள்ளைக்கு வருகிறது. நாரஹேன்பிட்டி இரத்த வங்கியில் சித்தப்பாமாரை ஒருநாள் கொடுக்கச் சொல்லுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து கேட்ட தம்பிக்கு: டொப்ளரும் சி.டியும் அங்கே போதனா வைத்தியசாலையிலேயே எடுக்கலாம். அதற்காகக் கொழும்புக்கு ரயில் ஏறவேண்டாம்.

மார்ச் 8

தெஹிவளையிலிருந்து ஒரு சகோதரி தனியாக எழுதியதை அவர் அனுமதியோடு இங்கே போடுகிறேன். கீழ்த்தாடையோடு சேர்ந்த கன்னத்தில் நீல நிற மென்மையான வீக்கம். குனிந்தால் பெருக்கும், நிமிர்ந்தால் வற்றும். துடிப்பில்லை. எக்ஸ்ரேயில் சின்னச் சின்ன வட்டக் கற்கள். குழந்தை பெற யோசிக்கிறார், பயமாக இருக்கிறது.

இது மெதுவான ஓட்டம், நாளப் பிறழ்வு. அந்தக் கற்கள் தேங்கிய இரத்தம் உறைந்து சுண்ணாம்பு படிந்தவை. அவை தெரிந்தால் பெரும்பாலும் சந்தேகம் தீர்ந்தது. இதற்கு நாடி வழியாகப் போய் அடைத்துப் பயனில்லை. தோலால் ஊசி போட்டு, சோடியம் டெட்ராடெசில் சல்பேட், பிளியோமைசின் மாதிரி மருந்தைச் செலுத்திக் குழாயின் உட்சுவரைச் சுருங்க வைப்பார்கள். ஒரு தரத்தில் முடியாது, இடைவெளி விட்டுப் பல தரம் செய்வார்கள். சில நாள் முகம் வீங்கும். பரவலாக இருப்பவர்களுக்கு சிரோலிமஸ் மாத்திரையும் இப்போது பயன்படுகிறது. பருவ வயதிலும் கர்ப்ப காலத்திலும் வேக ஓட்டம், மெதுவான ஓட்டம் இரண்டு வகையும் பெருக்கலாம். பெரிய நாளப் பிறழ்வில் இரத்தம் உறையும் தன்மையும் குழம்பும், டி-டைமர் என்ற இரத்தப் பரிசோதனை பார்க்கவேண்டும். ஆகவே கர்ப்பத்துக்கு முன்பே வி.ஓ.ஜியிடமும் (மகப்பேற்று வைத்தியர்) கதிரியக்க வைத்தியரிடமும் சொல்லி இருவரையும் பேச வையுங்கள். பயத்தால் பிள்ளை ஆசையை விடவேண்டியதில்லை சகோதரி.

மார்ச் 21

முடிந்தது! காலையில் உள்ளே கொண்டுபோய், பின்னேரம் வெளியே வந்ததாகத் தங்கச்சி எழுதியிருக்கிறார். நேரே பைக்குள் ஊசி, கொயில், ஒனிக்ஸ். இரத்தம் ஏற்றத் தேவைப்படவில்லை.

"மகனின் வாயில் உள்ளிப்பூண்டு மணக்கிறது, ஏதாவது பிழையா?" என்று கேட்கிறார். பிழையில்லை. ஒனிக்ஸ் கரைந்திருக்கிற டி.எம்.எஸ்.ஓ திரவம் மூச்சாலும் தோலாலும் வெளியேறும், ஓரிரு நாள் அப்படித்தான் மணக்கும். எங்கள் வார்ட்டில் தாதிமார் அந்த மணத்தை வைத்தே இன்று யாருக்கு ஒனிக்ஸ் என்று சொல்லிவிடுவார்கள்.

காதுச் சத்தம் நின்றதா என்று அவனிடம் கேளுங்கள்.

மார்ச் 22

நின்றுவிட்டதாம். இரவு வெகு நேரம் தூங்காமல் கிடந்து அந்த மோட்டரைத் தேடினானாம்.

எனக்கு வேறு எழுத வரவில்லை. இன்று முழுக்கச் சந்தோஷம்.

ஏப்ரல் 5

சரி, இனிப் பார்க்கவேண்டியது. உதட்டிலோ மோவாயிலோ விறைப்பு இருந்தால் குறித்து வையுங்கள், பெரும்பாலும் குறையும். காய்ச்சல், சீழ், வாய்க்குள் கறுப்பாக ஏதாவது எட்டிப் பார்த்தல்: இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த கிளினிக்குக்குக் காத்திருக்காமல் போகவேண்டும். வாய் கிருமி நிறைந்த இடம், உள்ளே வைத்த பொருளில் தொற்று வரலாம். எலும்பு திரும்ப நிரம்புவது மாதக் கணக்கு. ஓ.பி.ஜியில் அந்தக் கறுப்பு மெல்ல மெல்ல வெளிறும். நன்றாக இருக்கிறானே என்று கிளினிக்கை விட்டுவிடாதீர்கள். ஒரு சிறு முடிச்சு மிஞ்சினாலும் வருடங்கள் கழித்துத் திரும்பும் நோய் இது.

ஆடிய பல்லைப் பற்றி: இப்போது பிடுங்கலாமா என்று இனி யாரும் தனியாக முடிவெடுக்கக் கூடாது. எந்தப் பல் வைத்தியரிடம் போனாலும், ஒரு சின்னப் பல் ஓட்டையை அடைப்பதற்கென்றாலும், வாயைத் திறக்க முன் கிளினிக் கொப்பியைக் கொடுங்கள்.

ஏப்ரல் 24

புதுவருட லீவில் பேராதனைப் பல் மருத்துவ பீட மாணவி ஒருவர் இந்த இழையை வாசித்துவிட்டுக் கேட்டிருக்கிறார்: மருந்தாலேயே ஏ.வி.எம்மைக் குணப்படுத்த முடியுமா?

2017-இல் மூளைக்கு வெளியே உள்ள ஏ.வி.எம் பலவற்றில் எம்.ஏ.பி.2.கே.1 என்ற மரபணுவில் மாற்றம் இருப்பதைக் கண்டார்கள். அந்தப் பாதையைத் தடுக்கிற ட்ரமெட்டினிப் போன்ற புற்றுநோய் மருந்துகளைச் சில இடங்களில் கொடுத்துப் பார்க்கிறார்கள். ஊசியும் குழாயும் எட்டாத, முகம் முழுக்கப் பரவிய நோயாளிகளுக்கு அது வரவேண்டும் என்று மனதார விரும்புகிறேன். தாடைக்குள் ஒற்றைப் பைக்கு இன்றைக்கு ஊசியும் பசையும்தான்.

மே 6

நீர்கொழும்பு அண்ணர் தம்பியின் பழைய சி.டியை எடுத்துவந்து காட்டினார். வெளிக் கழுத்து நாடி கட்டுப்பட்டுத்தான் இருக்கிறது. ஆனால் நோய் கீழ்த்தாடைக்குள், பையும் தெளிவாகத் தெரிகிறது. வாசல் பூட்டப்பட்டாலும் வெளியிலிருந்து நேரே ஊசி செலுத்துகிற வழி அவருக்கு இன்னும் திறந்திருக்கலாம். இதைச் சொல்லவேண்டியது நானல்ல, புதிய சி.டி அஞ்சியோவைப் பார்த்துக் கதிரியக்க வைத்தியர் சொல்லவேண்டும். அண்ணர், வியாழன் கிளினிக்கில் இரண்டே விஷயம் கேளுங்கள்: புதிய சி.டி அஞ்சியோ எப்போது எடுக்கலாம், நேரடி ஊசி முறைக்குத் தம்பி பொருத்தமா. கட்டிய ஒப்பரேஷன் குறிப்பின் பிரதி கிடைத்தால் அதையும் கொண்டுபோங்கள், எந்த இடத்தில் கட்டினார்கள் என்று அதில் இருக்கும்.